களஞ்சியமும் களத்துமேடும்

பஞ்சத்தை எதிர்கொண்ட ஆட்சியாளருக்கு இலக்கணம் கூற வேண்டுமாயின், நம் உள்ளம் முதலில் நாடுவது நபி யூசுஃப் (அலை) அவர்களையே. வளமான ஆண்டுகளில் விளைந்ததைக் கதிரோடு காத்து வைத்து, வறண்ட ஆண்டுகளில் அளந்து கொடுத்த அப்பெருந்தகையின் வரலாற்றைத் திருமறை விரித்துரைக்கின்றது. தானியம் நாடி வந்த சகோதரர்களின் மூட்டைகளுக்குள், அவர்கள் கொடுத்த கிரயப் பொருளையே திரும்ப வைக்கச் செய்தார்கள் என்பதும் அவ்வரலாற்றில் வரும் செய்தி. கேட்டு வந்தவரின் வறுமை அறிந்து, கேளாமலே காட்டப்பட்ட பரிவு அது.

ஆயினும், களஞ்சியத்திற்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒரு வாசலில் பசித்தவன் வந்து பெற்றுச் செல்கின்றான். மறு வாசலில் உழுதவன் கொண்டு வந்து கொட்டுகின்றான். வரலாறு எழுதியோர் பெரும்பாலும் முதல் வாசலில் நின்றே மன்னர்களைப் போற்றியுள்ளனர். இரண்டாம் வாசலில் நின்று, "கொடுத்தவன் என்ன பெற்றான்?" என்று கேட்டோர் சிலரே. அந்தக் கேள்வியோடு தில்லி சுல்தான் அலாவுத்தீன் கில்ஜியின் களஞ்சியத்துள் நாம் நுழைவோம்.

1296 முதல் 1316 வரை ஆண்ட அலாவுத்தீன், 1303இல் சித்தூரை வென்று திரும்பியபோது மங்கோலியப் படை தில்லியை வந்து சூழ்ந்தது. அந்த ஆபத்து நீங்கிய பின்னர், பெரும்படை ஒன்றை நிலையாக வைத்துக் காப்பதென அவர் முடிவு செய்தார். குறைந்த ஊதியத்தில் வீரன் வாழ வேண்டுமாயின் உணவு மலிவாக இருக்க வேண்டும். ஆகவே விலைகள் ஆணையால் கட்டப்பட்டன. ஒரு மணங்கு கோதுமைக்கு 7½ ஜீத்தல், வாற்கோதுமைக்கு 4, நெல்லுக்கும் கடலைக்கும் 5 என்று வரலாற்றாசிரியர் ளியாவுத்தீன் பரனி பட்டியல் தருகின்றார்.

ஆணை மட்டும் தானியத்தைக் கொண்டு வந்து சேர்க்காது என்பதை சுல்தான் நன்கறிந்திருந்தார். யமுனைக்கும் கங்கைக்கும் இடைப்பட்ட அரசு நிலங்களில் வரி முழுவதும் தானியமாகவே பெறப்பட்டுத் தில்லிக் களஞ்சியங்களில் நிரப்பப்பட்டது. பொதிமாட்டு வணிகர்கள் தம் மனைவி மக்களோடு யமுனைக் கரையில் குடியமர்த்தப்பட்டனர். மாலிக் கபூல் என்னும் அதிகாரி தானியச் சந்தையின் கண்காணிப்பாளர் ஆனார். அவரிடமிருந்து ஒன்று, செய்தி அதிகாரியிடமிருந்து ஒன்று, ஒற்றர்களிடமிருந்து ஒன்று என மூன்று அறிக்கைகள் நாள்தோறும் அரண்மனையை அடைந்தன. மழை பொய்த்த காலத்தில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் மக்கள்தொகைக்கேற்பத் தானியம் அளந்து கொடுக்கப்பட்டது. அவர் காலத்தில் தில்லியில் பஞ்சம் தலைகாட்டவில்லை என்று பரனி வியந்து எழுதுகின்றார். முதல் வாசலில் நின்று பார்த்தால் இஃது ஓர் அரிய சாதனையே. அதை மறுப்பது நேர்மையாகாது.

இனி, இரண்டாம் வாசலுக்கு வருவோம். விளைச்சலில் பாதி நிலவரியாகப் போயிற்று. மேய்ச்சல் வரியும் வீட்டு வரியும் தனி. எஞ்சிய தானியத்தையேனும் உழவன் வீட்டுக்குக் கொண்டு சென்று, நல்ல விலைக்குக் காத்திருக்க முடிந்ததா? இல்லை. களத்திலேயே, கட்டிய விலைக்கு, வந்து நிற்கும் வணிகருக்கு விற்றுவிட வேண்டும். அவ்வாறு விற்குமளவுக்கு வரித் தண்டலைக் கடுமையாக்குமாறு அதிகாரிகளுக்கு உத்தரவு இருந்தது. தில்லியின் அடுப்பு அணையாமல் எரிந்தது. அதற்கு விறகானவன் தோவாப் உழவன்.

இங்கே மற்றொரு சாட்சியையும் நாம் கேட்க வேண்டும். ஷெய்கு நஸீருத்தீன் சிராகே தெஹ்லவி (ரஹ்) அவர்களின் சபை உரைகளைத் தொகுத்த 'கைருல் மஜாலிஸ்' என்னும் நூல், அலாவுத்தீனின் நோக்கத்தை வேறு விதமாகக் காட்டுகின்றது. மக்கள் அனைவரையும் சென்றடையும் நன்மை யாதென்று சுல்தான் சிந்தித்ததாகவும், தானிய விலையைக் குறைப்பதே அது என்று கண்டு, பொதிமாட்டுத் தலைவர்களுக்குக் கருவூலத்திலிருந்து பொருள் கொடுத்துத் தானியம் கொண்டு வரச் செய்ததாகவும் ஷெய்கு அவர்கள் கூறியிருக்கின்றார்கள். சுல்தானின் அடக்கத்தலத்தில் மக்கள் நூல் கட்டி வேண்டி வந்தனர் என்ற செய்தியும் அதில் உண்டு. படைக்காகச் செய்தார் என்கின்றார் பரனி. மக்களுக்காகச் செய்தார் என்கின்றார்கள் ஷெய்கு. எண்ணங்களை அறிபவன் அல்லாஹ். ஒன்றை மட்டும் நாம் கூறலாம்: எண்ணம் தூயதாக இருந்தாலும், ஏற்றுக்கொண்ட வழி உழவனின் களத்துமேட்டில் தவறிவிட்டது.

இத்தீர்ப்பை இன்றைய அளவுகோல் கொண்டு அன்றைய மன்னருக்கு நாம் வழங்கவில்லை. அன்றைய அளவுகோலே இதைத்தான் கூறுகின்றது. மதீனாவில் விலை ஏறியபோது, விலையைக் கட்டுமாறு தோழர்கள் வேண்டினர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதற்கு இசையவில்லை. எவருடைய பொருளிலும் அநீதி இழைத்த வழக்கின்றி இறைவனைச் சந்திக்கவே தாம் விரும்புவதாகக் கூறினார்கள். சரக்கோடு வருவோரை ஊருக்கு வெளியே எதிர்சென்று வாங்குவதையும் அவர்கள் தடுத்தார்கள். சந்தை நிலவரம் அறியாத நாட்டுப்புறத்தான் ஏமாந்துவிடக் கூடாது என்பதே அத்தடையின் உட்பொருள். தில்லி ஆலிம்கள் பின்பற்றிய ஹனஃபி மத்ஹபின் 'ஹிதாயா', உணவு வணிகர் எல்லை மீறி மக்களை வருத்தும்போது மட்டும், அறிந்தோரைக் கலந்து விலை கட்ட இடமளிக்கின்றது. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தோ பஞ்ச காலத்திலும் அதை அனுமதிப்பதில்லை. பதுக்கும் வணிகனை அடக்கவே ஹனஃபி சட்டம் அரசுக்குக் கோலைத் தந்தது. அலாவுத்தீன் அதே கோலை உழவன் மீதும் வீசினார். வாணிபம் இருதரப்பின் மனப்பொருத்தத்தோடு நடைபெற வேண்டும் என்பது திருமறையின் கட்டளையன்றோ?

அப்படியானால், உழவனை வருத்தாமல் ஏழைக்கு உணவளிக்க அரசுக்கு வழியே இல்லையா? உண்டு. அரசு தன் கருவூலத்திலிருந்து உழவனுக்கு உரிய விலையைக் கொடுத்து வாங்க வேண்டும். ஏழைக்குக் குறைந்த விலைக்கோ இலவசமாகவோ கொடுக்க வேண்டும். இரண்டிற்கும் இடைப்பட்ட பாரத்தை உழவனின் தோளில் ஏற்றாமல், பொதுநிதி தாங்க வேண்டும். எளிய உண்மைதான். ஆனால் அதைச் சட்டமாக்க நம் நாட்டுக்கு நெடுங்காலம் ஆயிற்று.

அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை நாடு எதிர்நோக்கியிருந்த 1960களில், 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய உணவுக் கழகம் நிறுவப்பட்டது. 1965 ஜனவரி 14 அன்று அது பிறந்தபோது, அதன் முதல் மாவட்ட அலுவலகம் அமைந்த ஊர் நம் தஞ்சாவூர். உழவனுக்கு ஆதரவு விலை, நாடெங்கும் பங்கீடு, இடர்காலக் கையிருப்பு என்பன அதன் நோக்கங்கள். விலையைப் பரிந்துரைக்க வேளாண் விலை ஆணையமும் அதே மாதம் அமைந்தது. அலாவுத்தீனின் களஞ்சியத்தில் இல்லாத இரண்டாம் வாசல் இங்கே ஏட்டளவில் திறக்கப்பட்டது.

அண்மைக் காலத்தில் பிரேசில் நாடு இவ்வழியில் மேலும் ஓரடி எடுத்து வைத்தது. நம் கொள்முதல் பெரும்பாலும் நெல்லும் கோதுமையுமாகவே இருக்க, 2003 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அந்நாட்டரசு சிறு குடும்ப உழவர்களிடமிருந்து காய், கனி, பால், பயறு முதலானவற்றையும் வாங்கத் தொடங்கியது. பெருவணிகரே வெல்லக்கூடிய ஏலமுறை விலக்கப்பட்டது. வட்டாரச் சந்தை விலையையொட்டி விலை தரப்பட்டது. ஒரு குடும்பம் ஓராண்டில் விற்கும் தொகைக்கு வரம்பு வைக்கப்பட்டதால் பலருக்கும் வாய்ப்புக் கிட்டியது. வாங்கிய பொருள் அருகிலுள்ள அறநிலையங்களுக்கும் பொதுச் சமையற்கூடங்களுக்கும் சென்றது. பள்ளி உணவுக்கான கூட்டரசு நிதியில் 30 விழுக்காடேனும் குடும்ப உழவர்களிடம் வாங்கச் செலவிட வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. வேறு பல நலத்திட்டங்களும் துணைநிற்க, 2014இல் ஐக்கிய நாடுகளின் பசி வரைபடத்திலிருந்து பிரேசில் நீங்கியது.

எனினும் வரலாறு தரும் எச்சரிக்கை ஒன்று இங்கும் உண்டு. அலாவுத்தீன் 1316இல் மறைந்தார், அவர் மகன் முபாரக் ஷாவின் ஆட்சியில் சந்தை விதிகள் சிதைந்தன, விலைகள் ஏறின. ஒரு மனிதரின் உறுதியில் நின்ற களஞ்சியம் அவரோடு சரிந்தது. பிரேசிலிலும் ஆட்சி மாறியபோது அத்திட்டத்தின் நிதி சுருங்கியது. 2021இல் அதன் பெயரும் மாற்றப்பட்டது. 2023இல் புதிய சட்டத்தால் மீண்டும் நிறுவப்பட்டது. அமெரிக்காவில் உள்ளூர் உழவரிடம் வாங்கி வறியோர்க்கு வழங்க 2021 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட திட்டத்திற்கு, 2025 மார்ச்சில் அடுத்த சுற்று நிதி விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தக் கொள்முதலை நம்பி விதைத்தவனும், அந்த உணவை நம்பி வரிசையில் நின்றவனும் ஒரே நாளில் கைவிடப்பட்டனர். ஒரு வாசல் மூடினால் மறு வாசலும் மூடிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் ஊருக்குத் திரும்புவோம். அறுவடைக் காலத்தில் காவிரிப் படுகையின் கொள்முதல் நிலையங்கள் முன்னே நெற்குவியல்கள் நாள்கணக்கில் காத்துக்கிடப்பதை நாம் காண்கின்றோம். ஈரப்பதம் மிகுதி என்று திருப்பப்பட்டவன், சாலையோரத்தில் நெல்லைப் பரப்பிவிட்டு வானத்தையே பார்த்து நிற்கின்றான். மழை வந்துவிட்டால் அவன் இழப்பது விலையை மட்டுமன்று. அந்த ஆண்டின் உழைப்பையே. ஏட்டில் திறந்த வாசல் களத்துமேட்டில் பாதி மூடியிருக்கின்றது.

உழைத்தவனின் வியர்வை உலருமுன் அவன் கூலியைக் கொடுக்குமாறு ஏவிய மார்க்கம் நம்முடையது. நியாய விலைக் கடையில் அரிசி வாங்கும் விதவையின் துஆவுக்கு ஆசைப்படும் அரசு, அந்த அரிசியை விளைவித்தவனின் பெருமூச்சுக்கு அஞ்சவும் வேண்டும். அநீதி இழைக்கப்பட்டவனின் முறையீட்டுக்கும் இறைவனுக்கும் இடையே திரை இல்லை. களஞ்சியத்தின் இரு வாசல்களிலும் நீதி நிற்கும் நாளை வல்ல நாயன் நமக்குக் காட்டியருள்வானாக!