திண்ணை வீடுகளும் நாமும்



ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் இறங்காமல் கல்லூரிப் படிப்பை முடித்தவர் நம்மில் யார்? கோபுரத்தை அண்ணாந்து பார்த்தோம், பால்கோவா வாங்கினோம். மாட வீதிகளில் வரிசையாக நின்ற திண்ணை வீடுகளை மட்டும் கவனிக்காமலே வந்துவிட்டோம்.

ரெண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். பக்கவாட்டில் ஜன்னல் வைக்க இடம் ஏது? அதனால்தான் நடுவில் முற்றம் வைத்தார்கள். சூடான காற்று அது வழியாக மேலேறிப் போகும். கூடம் சித்திரை வெயிலிலும் குளிர்ந்திருக்கும். சுவர் சுண்ணாம்புச் சாந்து. மச்சு தேக்கு உத்தரத்தின் மேல் கட்டைக்குத்து. இந்தச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிக் காரை உதிரும். வரிசையில் ஒரு வீட்டை இடித்தாலோ, பக்கத்து வீட்டுச் சுவர் மழையில் நனையும்.

அப்போ இடிப்பதுதான் வழியா? இல்லை. புதுச்சேரித் தமிழர் பகுதியில் வைசியாள் வீதி என்ற கல்வே சுப்புராய செட்டியார் வீதியைப் பாருங்கள். அங்கும் ஒட்டினாற்போல் வீடுகள். திண்ணைக்கு முன்னால் மரத்தூண் நிறுத்திய தாழ்வாரம். 2002-க்குப் பின் ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஆசியா அர்ப்ஸ்' திட்டத்தில், இன்டாக் அமைப்பின் மேற்பார்வையில், அந்த வீதி முகப்புகளைச் சீரமைத்தார்கள். வீட்டுக்காரர்களும் கைகொடுத்தார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. ஒரு மாளிகைக்கு அல்ல. ஜனங்கள் குடியிருக்கும் ஒரு தெருவுக்கு!

வீட்டைக் காப்பதற்கு இன்னொரு வழியை நம்மூர்க்காரரே காட்டியிருக்கிறார். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா தம் வீட்டையே ஊருக்குக் கொடுத்தார். அதுதான் ராஜபாளையம் காந்தி கலை மன்றம்.

நம்மில் பலருக்கு இங்கே பூர்வீக வீட்டில் பங்கு உண்டு. அண்ணன் சென்னையில், தம்பி வெளிநாட்டில், சாவி யாரிடமோ! "வித்துட்டுப் பிரிச்சுக்கலாமே" என்று பேச்சு வரும். குற்றமில்லை, கஷ்டம் அவரவருக்குத்தான் தெரியும். ஆனால் கையெழுத்துப் போடுமுன், கூரை ஒழுக்கை அடைக்க என்ன செலவாகும் என்று சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கலந்து பேசுங்கள். சுவர் அவருக்கும் சொந்தம்.

மாணவத் தம்பி தங்கைகளே, நீங்கள் ஒரு தெருவையாவது அளந்து, படம் எடுத்து, பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். நாளை யாராவது பழுது பார்க்க வந்தால் அந்த நோட்டு உதவும்.