ரூட்டுக்கும் ஒரு பூட்டு

எங்கள் அம்பை போன்ற தாலுகா ஊர்களின் சார்கருவூலங்களில் பெட்டக அறைக்கு இரட்டைப் பூட்டு. சாவிகள் இரண்டு பேரிடம். ஒருவராகத் திறக்க முடியாது.

நான் படித்த பிரெஞ்சில் கணினிக்கு 'ஓர்தினாத்தர்', ஒழுங்குபடுத்துபவன் என்று பெயர். அவனை ஒழுங்குபடுத்தத்தான் வெகுநாளாயிற்று. யூனிக்ஸில் 'ரூட்' கடவுச்சொல் தெரிந்தவர் எதையும் அழிக்கலாம். 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் இருவர் 'சுடோ' எழுதினார்கள்: இன்னாருக்கு இன்ன கட்டளை மட்டும். அப்போதும் ரூட்டைத் தட்டிக்கேட்க ஆளில்லை.

2000 டிசம்பரில் வெளியான எஸ்.இ.லினக்ஸ் அதற்கும் கடிவாளம் போட்டது. கொள்கையில் அனுமதி இல்லாத செயல், ரூட்டே கேட்டாலும் நடக்காது. செய்தது என்.எஸ்.ஏ.; ஊரார் பேச்சை ஒட்டுக்கேட்பவர்களே பூட்டையும் இலவசமாகக் கொடுத்தது வேடிக்கைதான்! 2003-ல் அது லினக்ஸ் கருவிலேயே சேர்ந்துவிட்டது.

தொல்லை என்று அதை அணைத்துவைப்பவர்கள் உண்டு. இரண்டு சாவியையும் ஒருவர் இடுப்பிலேயே செருகிவிட்ட மாதிரி.