முன்னெழுத்தில் ஒரு துறைமுகம்

திருகோணமலையிற் பிறந்து, கல்வியின் பொருட்டுச் சென்னை சென்று, மாநிலக் கல்லூரியின் கீழைத்தேயச் சுவடி நிலையத்தில் நூலகராயிருந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளையை, தமிழின் முதற் சரித்திர நாவலெனப் போற்றப்படும் 'மோகனாங்கி'யை 1895இல் வெளியிட்ட ஆசிரியராகவே நம்மவர் நினைவுகூர்வர். அவர் நூலகராயிருந்தமை பெரும்பாலும் மறக்கப்பட்டது.

அவர் காத்த நிலையத்தின் மூலதனமாகிய, மெக்கன்சி என்பார் திரட்டிய சுவடிகளுக்கு 1828இல் வில்சனும், 1857 முதல் 1862 வரை மூன்று தொகுதிகளாக வில்லியம் தெயிலரும் பட்டியல் வகுத்தனர். அச்சு நூல்களை 1865இல் மர்டாக் பொருள்வாரியாகத் தொகுத்தார். ஆயினும் ஆசிரியர் பெயரை எச்சொல்லின்கீழ் நிறுத்துவது என்னும் வினா எளிதில் தீர்ந்ததன்று. ஐரோப்பிய வழக்கில் பெரும்பாலும் இறுதிச்சொல் குடும்பப்பெயர், அதுவே தலைப்பு. நம்மிடையே 'தி' திருகோணமலையையும் 'த' தந்தையார் தம்பிமுத்துப்பிள்ளையையும் குறிக்க, இறுதியில் நிற்பதே இயற்பெயர். அப்பெயரையும் பிரித்து 'பிள்ளை' என்பதனையே தலைப்பாக்கினால், அவரும், அவர் தமையனாரும் பதிப்பாசிரியருமான தி. த. கனகசுந்தரம்பிள்ளையும், எண்ணற்ற பிள்ளைமாரிடையே மறைந்துபோவர்.

1924இல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகரான ரங்கநாதன், 1934இல் வெளியிட்ட பட்டியல் விதிகளில் இந்தியப் பெயர்களுக்கும் இடமளித்தார். ஓர் ஆசிரியர் எந்நாட்டவரோ அந்நாட்டு வழக்கே இயன்றவரை பிரமாணமாகுக என்னும் கொள்கையை 1961இல் பாரிஸில் கூடிய, பட்டியலாக்கம் பற்றிய சர்வதேச மாநாடு ஏற்றது. 2010இல் வெளிவந்து, 2013 மார்ச் 31 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் கைக்கொண்ட ஆர்.டி.ஏ. என்னும் பட்டியல் விதிகளோ, பெயரின் ஏற்புடைய வடிவம், மாற்று வடிவங்கள், பிறந்த இடம், தொழில் முதலியவற்றைத் தனித்தனியே பதியவும், ஆசிரியரை அவர் படைப்புகளோடு பிணைக்கவும் இடந்தருகின்றன.

இவ்விதிகளைத் தழுவ ஆயத்தமாகும் நூலகங்கள் கணினியையும் பயிற்சியையும் முதற்கண் சிந்திப்பது இயல்பே. எனினும், விதி வகுத்த கூடங்களுக்கு விளங்காத முன்னெழுத்துகளை விரித்துரைக்கும் ஞானம், அவ்வவ்வூர்ப் புலவர் பரம்பரையை அறிந்தவரிடமே உள்ளது. திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் ஆசிரியர்களுக்கு நம்பத்தக்கதொரு பெயர்ப்பதிவேட்டை அம்மண்ணின் நூலகரே இயற்றல் வேண்டும். விதியின் செம்மை கடல் கடந்து வரலாம். அதனை நிரப்பும் விவரம் அங்ஙனம் வருவதன்று.