அடைக்கலம் ஓர் அமானிதம்: க்ரூயா மலையூரின் வெஸெலி குடும்பம்

1940 ஜூன் மாதத்தில் பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் புதுச்சேரியின் ஆளுநர் லூயி பொன்வேன், சரணடைந்த அரசைவிட்டு விலகி தெகோலின் பக்கம் நின்றார். ஆகவே நம் மூலக்குளமும் வில்லியனூரும் பாகூரும் அன்று சுதந்திர பிரான்சின் மண்ணாயின. சரணடைந்த பிரான்சிலோ, 1942 ஜூலையில் பாரிசு நகரக் காவல்துறையே ஏறத்தாழ 13,000 யூதர்களைப் பிடித்து அடைத்தது. அவர்களுள் 4,000க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட அக்குழந்தைகள் கொலை முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர்.

சட்டமும் காவலும் கைவிட்ட அக்காலத்தில், ஐரோப்பாவின் இன்னொரு மூலையில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த அல்பேனியாவில் சாதாரண மக்கள் செய்ததென்ன என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

மோஷே மாந்தில் யூகோஸ்லாவியாவைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர். ஜெர்மானியப் படைகளுக்கு அஞ்சி, மனைவியுடனும் காவ்ரா, இரேனா என்னும் இரு குழந்தைகளுடனும் ஊர் ஊராக ஓடி அல்பேனியாவை அடைந்தார். தலைநகர் திரானாவில் ஒரு புகைப்பட நிலையத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே தொழில் பழகிக்கொண்டிருந்தவர் ரெஃபிக் வெஸெலி என்னும் 17 வயது முஸ்லிம் இளைஞர். 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் அல்பேனியாவை ஜெர்மானியர் ஆக்கிரமித்தனர். திரானாவில் இனி இருக்க இயலாது என்ற நிலை வந்தபோது, அவ்விளைஞர் தம் பெற்றோரின் மலையூரான க்ரூயாவுக்கு அக்குடும்பத்தை அழைத்துச் சென்றார். இரவில் கோவேறு கழுதைகளின் மீது பயணம். பகலில் குகைகளில் மறைவு.

ரெஃபிக்கின் தந்தை வெஸெல், தாய் ஃபாத்திமா. தங்கள் பிள்ளை அழைத்துவந்தவர்களை அவர்கள் ஏற்றுக்கொண்டனர். மோஷேயும் அவர் மனைவியும் தொழுவத்தின் மேலிருந்த சிற்றறையில் ஒளிந்திருந்தனர். குழந்தைகளோ ஊர்ப் பிள்ளைகளோடு கலந்து வெளியில் விளையாடித் திரிந்தனர். ஒரு சொல் வெளியே கசிந்திருந்தால் போதும், இரு குடும்பங்களும் அழிந்திருக்கும். ஊரார் எவரும் காட்டிக்கொடுக்கவில்லை. பின்னர் இன்னொரு யூதக் குடும்பத்தாரும் அவ்வீட்டிலேயே அடைக்கலம் பெற்றனர். 1944 நவம்பரில் நாடு விடுதலை பெறும்வரை அவர்கள் அனைவரும் உயிரோடிருந்தனர்.

போருக்குப் பின் மாந்தில் குடும்பம் தம் ஊருக்குத் திரும்பிப் புகைப்பட நிலையம் திறந்தது. ரெஃபிக்கைத் தம் வீட்டுக்கே வரவழைத்துத் தொழிலை முழுமையாகக் கற்பித்தார் மோஷே. அன்று சிறுவனாயிருந்த காவ்ரா, வளர்ந்தபின் இவர்களது நன்மையை உலகறியச் செய்தார். 1987இல் இஸ்ரேலின் யாத் வஷெம் நினைவகம் வெஸெலி குடும்பத்தைச் சிறப்பித்தது. அச்சிறப்பைப் பெற்ற முதல் அல்பேனியர் இவர்களே.

அல்பேனியர் இதனைப் 'பெஸா' என்பர். கொடுத்த வாக்கு என்பது அச்சொல்லின் பொருள். வாசலேறி வந்தவரைத் தன் உயிரைக் கொடுத்தேனும் காப்பது அதன் கடமை. அந்நாட்டுக் கிறிஸ்தவர்களும் இதனைப் போற்றினர். அவர்களும் அடைக்கலம் தந்தனர். எனினும் நேர்மையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே காலத்தில் கொசோவோவில், அல்பேனிய முஸ்லிம்கள் பலர் சேர்ந்திருந்த ஸ்காண்டர்பெக் என்னும் ஜெர்மானியப் படைப்பிரிவு யூதர்களைப் பிடித்துக்கொடுத்தது. பெயரால் முஸ்லிமாயிருப்பது மட்டும் ஒருவரை நன்மையில் நிறுத்துவதில்லை. கதவு தட்டப்படும் இரவில் அவர் என்ன செய்கிறார் என்பதே கேள்வி.

பாலஸ்தீனக் குழந்தைகளின் துயரம் நம் நெஞ்சை அறுக்கும் இந்நாட்களில், யூதக் குழந்தைகளைக் காத்த கதை எதற்கு என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். அக்கேள்வியிலுள்ள வலி நமக்குப் புரிகிறது. ஆனால் எந்த நீதியைச் சொல்லி இன்று பாலஸ்தீனக் குழந்தைக்காக நாம் கண்ணீர் விடுகிறோமோ, அந்த நீதியே அன்று ஃபாத்திமாவின் வீட்டுக் கதவைத் திறந்தது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதியினின்று விலக்கிவிடலாகாது என்று அல்மாயிதா அத்தியாயம் எச்சரிக்கிறது. ஓருயிரைக் காப்பது மனிதகுலம் முழுவதையும் காப்பதற்கு ஒப்பு என்ற நெறியும் அவ்வத்தியாயத்திலேயே இருக்கிறது. அது இஸ்ராயீலின் மக்களுக்கு விதிக்கப்பட்டதாகவே அங்கு கூறப்படுகிறது.

நம் சமுதாயத்தின் தொடக்கமும் அடைக்கலத்தில்தான் இருக்கிறது. மக்காவில் துன்புறுத்தப்பட்ட ஸஹாபாக்களைக் காத்தவர் ஹபஷா நாட்டின் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி. அக்கடனை மறவாதவர்களே பிறருக்குக் கதவு திறப்பர்.

வெஸெலும் ஃபாத்திமாவும் மார்க்க மேதைகளல்லர், படைத்தலைவர்களுமல்லர். மலையூரில் பிள்ளை வளர்த்த பெற்றோர். நம் தெருக்களிலும் வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்கள், வேற்றுமொழிக் குழந்தைகள், வேற்றுமத அண்டைவீட்டார் வாழ்கின்றனர். கலவரமோ வதந்தியோ பரவும் நாளில் அவர்கள் நம் வாசலை நோக்கி வரத் துணிவார்களா? அத்துணிவை அவர்களுக்குத் தருமளவுக்கு நம் அன்றாட நடத்தை இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்வோம்.

நம்மை நாடி வருவோரை அமானிதமாகக் காக்கும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.