பிரின் மார் கல்லூரி: விடுதி வாழ்வும் முதலாண்டு மரபுகளும்

பிரின் மார் கல்லூரி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியா நகருக்கு அருகே உள்ள மகளிர் கல்லூரி. குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த மருத்துவர் ஜோசப் டெய்லர் விட்டுச்சென்ற சொத்தைக் கொண்டு 1885இல் தொடங்கப்பட்டது. முதலாண்டு மாணவியரை மூத்தவர்களே முன்னின்று வரவேற்கும் சடங்குகளாலும், மாணவியரே நிர்வகிக்கும் விடுதி வாழ்வாலும் இது பெயர் பெற்றது.

விடுதிகள்

மெரியன், ராட்னர், டென்பி, பெம்ப்ரோக், ராக்கஃபெல்லர் ஆகியவை பழைய விடுதிகள். இவற்றில் பெரும்பாலானவற்றைக் கோப், ஸ்டூவர்ட்சன் என்னும் கட்டடக் கலைஞர்கள் கோதிக் பாணியில் வடிவமைத்தனர். 1965இல் லூயி கான் வடிவமைத்த எர்ட்மன் விடுதி எழுந்தது. முதலாண்டினரைத் தனிக் கட்டடத்தில் ஒதுக்கி வைக்காமல் எல்லா ஆண்டினரும் கலந்தே தங்குகின்றனர். புதியவர்கள் சிறு குழுக்களாகப் பிரிக்கப்படுவர். ஒவ்வொரு குழுவுக்கும் மூத்த மாணவியர் வழிகாட்டுவர். பாடத் தேர்வு முதல் வீட்டு நினைப்பு வரை எதையும் அவர்களிடம் பேசலாம்.

1892இல் இங்கு உருவான மாணவியர் தன்னாட்சிச் சங்கம், அமெரிக்கக் கல்லூரிகளில் இவ்வகையில் முதலாவதாகக் கருதப்படுகிறது. விடுதி ஒழுங்கு விதிகளை வகுக்கும் பொறுப்பு மாணவியரிடமே விடப்பட்டது. பெரும்பாலான மாநிலங்களில் பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாதிருந்த நாட்டில் இது துணிச்சலான நம்பிக்கை.

விளக்கு இரவு

1886இல் தொடங்கிய இச்சடங்கு இலையுதிர்ப் பருவத்தில், பழைய நூலகத்தின் நடுமுற்றத்தில் நடக்கிறது. கறுப்பு அங்கி அணிந்த முதலாண்டு மாணவியர் இருளில் வரிசையாக நிற்பர். இரண்டாம் ஆண்டினர் கிரேக்க மொழியில் அத்தீனா தெய்வத்தைப் பாடி, மெழுகுவர்த்தி எரியும் இரும்பு விளக்கு ஒன்றை ஒவ்வொருவருக்கும் வழங்குவர். முதலாண்டினர் கிரேக்கப் பாட்டாலேயே மறுமொழி தருவர். விளக்கின் கண்ணாடி அந்த வகுப்பின் நிறத்தில் இருக்கும். கருநீலம், இளநீலம், பச்சை, சிவப்பு என்னும் நான்கும் சுழற்சி முறையில் வருவதால், பட்டம் பெற்றுச் சென்றவர்களின் நிறம் அடுத்து நுழைபவர்களுக்குக் கிடைக்கிறது.

பிற மரபுகள்

கல்வியாண்டின் தொடக்கத்தில் அணிவகுப்பு இரவும், இறுதியில் மே தினமும் நடக்கின்றன. 1900இல் நிதி திரட்டும் விழாவாகத் தொடங்கிய மே தினத்தில், மாணவியர் வெள்ளை உடை அணிந்து வண்ண நாடாக் கம்பத்தைச் சுற்றி ஆடுவர். முன்பு ‘நரக வாரம்’ எனப்பட்ட குளிர்காலக் கொண்டாட்டத்தில் மூத்தவர்கள் புதியவர்களுக்கு வேடிக்கையான வேலைகள் தருவர். அது துன்புறுத்தலாகிவிடக் கூடாது என்ற அக்கறை வலுத்ததால் பெயர் மாற்றப்பட்டது, விரும்பாதவர்கள் விலகிக்கொள்ளலாம்.

விலக்கப்பட்டவர்கள்

இந்த வரவேற்பு தொடக்கத்தில் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. 1894 முதல் 1922 வரை தலைவராக இருந்த எம். கேரி தாமஸ் கறுப்பின மாணவியரைச் சேர்க்க எதிர்ப்புக் காட்டினார். 1931இல் பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவி ஈனிட் குக்குக்கு விடுதியில் தங்க இடம் மறுக்கப்பட்டது. அவர் வளாகத்துக்கு வெளியே தங்கிப் படித்தார். தாமஸின் பெயரைத் தாங்கியிருந்த நூலகக் கட்டடம் இன்று பழைய நூலகம் என்றே வழங்கப்படுகிறது. ஈனிட் குக்கின் பெயரிலோ, வளாகத்துக்குள்ளேயே மாணவியர் தங்கும் இல்லமும் கறுப்பினப் பண்பாட்டு மையமும் இயங்குகின்றன.