மரக்கணக்கும் மக்கட்கணக்கும்: அந்தமான் காட்டுத்தொழில் வரலாற்றைக் காட்சிப்படுத்தல்

முன்னுரை

ஒரு நாட்டின் தொழில்வளத்தை அளப்போர் உற்பத்தி, வருவாய், ஏற்றுமதி ஆகியவற்றை அட்டவணைப்படுத்துவர். அத்தொழில் நடைபெற்ற நிலத்தில் காடு குறைந்ததும் மக்கள் நோயுற்றதும் வேறோர் அலுவலகத்தின் வேறோர் ஏட்டில் பதிவாகும. இவ்விரு ஏடுகளையும் ஒருங்கே வைத்து நோக்கினால் புலப்படும் உண்மைகளை, அந்தமான் காட்டுத்தொழிலைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு காட்சி மரபுகள்

இங்கிலாந்தின் வணிகத்தைக் கோட்டுப்படங்களாக வரைந்து வில்லியம் பிளேஃபேர் 1786இல் நூல் வெளியிட்டார். ஜான் ஸ்னோ 1854இல் இலண்டனில் பரவிய வாந்திபேதி நோயைத் தெருவரைபடத்தில் குறித்துக் காட்டினார். கிரீமியப் போரின் உயிரிழப்புகளைப் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1858இல் வரைபடமாக்கினார். பொருளியலுக்கு ஒரு மரபும் நோய்க்கு ஒரு மரபும் என இவை தனித்தனியே வளர்ந்தன. நைட்டிங்கேலின் வரைபடம் வெளிவந்த அதே ஆண்டின் மார்ச்சுத் திங்களில்தான் அந்தமானில் ஆங்கிலேயரின் தண்டனைக் குடியிருப்புத் தொடங்கப்பெற்றது. அங்கு இவ்விரு மரபுகளும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

மரக்கணக்கு

போர்ட் பிளேர் நகரம் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்றது. அந்நகரின் துறைமுக நீர்ப்பரப்பை ஒட்டிய குடாக்களுள் ஒன்று மின்னி பே. அதே துறைமுகத்திலுள்ள சாத்தாம் தீவில் அரசு மரம் அறுக்கும் ஆலை 1883இல் நிறுவப்பட்டது. வனத்துறை தோன்றியதும் அவ்வாண்டிலேயே ஆகும். படாக் மரம் கடல்கடந்து விற்பனையாயிற்று. விடுதலைக்குப் பின்னர் இருப்புப்பாதைக் கட்டைகள், ஒட்டுப்பலகை, தீக்குச்சி ஆகியவற்றின் தேவை பெருகிக் காடு தேசியத் தொழிலின் மூலப்பொருட் கிடங்காயிற்று. வெட்டிய மரம் கன அளவிலும் உரூபாயிலும் ஆண்டுதோறும் பதிவு செய்யப்பட்டது.

மக்கட்கணக்கு

1877இல் பரவிய தட்டம்மை பெரிய அந்தமானியரை பெருமளவில் அழித்தது. மேகநோயும் அவர்களிடையே பரவியதை, அந்தமானியர் பொறுப்பு அலுவலராக இருந்த எம். வி. போர்ட்மன் 1899இல் வெளியிட்ட நூலால் அறியமுடிகிறது. மக்கட்தொகைக் கணக்கெடுப்பில் அவர்கள் 1901இல் 625 பேர். 1931இல் 90 பேர். 1961இல் 19 பேர்.

இணைப்பும் எச்சரிக்கையும்

மரக்கோடு ஏற, மக்கட்கோடு இறங்குவதை ஒரே படத்தில் வரைதல் எளிது. எனினும், முன்னது பின்னதற்குக் காரணம் என அப்படம் மட்டும் மெய்ப்பிக்காது. தட்டம்மை பரவியது வனத்துறை தோன்றுவதற்கு முன்னராகும். பழங்குடியினரை ஒருங்கு திரட்டிய 'அந்தமான் இல்லங்கள்' 1860களிலேயே ஏற்பட்டுவிட்டன. ஆகவே குடியிருப்பு, இல்லம், வெட்டுமுகாம், சாலை ஆகியன அமைந்த இடங்களையும் காலத்தையும் குறிக்கும் நிலப்படம் மூன்றாம் அடுக்காக வேண்டப்படுகிறது. நோய் சென்ற வழியை அதுவே காட்டும்.

இம்முறையின் பயனை ஜாரவா மக்களின் அண்மைக்கால வரலாறு உணர்த்துகிறது. அவர்களது காட்டினூடே அந்தமான் நெடுஞ்சாலை அமைந்தது. 1997, 1998ஆம் ஆண்டுகளில் அவர்கள் அடிக்கடி வெளியே வரத் தொடங்கினர். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. உச்ச நீதிமன்றம் 2002 மே 7ஆம் நாள் மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தியதோடு, ஜாரவா பகுதியில் அச்சாலையை மூடவும் ஆணையிட்டது. சாலை பற்றிய ஆணை இன்றளவும் முழுமையாக நிறைவேறவில்லை.

முடிவுரை

பெரிய நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின்நிலையம் ஆகியன அமைக்கும் திட்டத்திற்கு 2022இல் சுற்றுச்சூழல் ஒப்புதல் வழங்கப்பட்டது. அதற்கென ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காடு ஒதுக்கப்பட்டுள்ளது. வெட்டப்படவிருக்கும் மரங்கள் 9.64 இலட்சம் என 2023இல் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. மரக்கணக்கு இம்முறையும் முந்திக்கொண்டது. அத்தீவின் ஷோம்பென் மக்கள் வெளியுலகத் தொடர்பு மிகக் குறைந்தவர்கள். எனவே புதிய நோய்களை எதிர்க்கும் ஆற்றல் அவர்களுக்குக் குறைவு. பெரிய அந்தமானியரின் அட்டவணை இழப்பு நேர்ந்த பின்னர் நிரப்பப்பட்டது. ஷோம்பென் மக்களுக்குரிய நலக்கணக்கை மரம் வீழ்வதற்கு முன்னரே திறந்து, சாலையும் முகாமும் அமையும் இடங்களோடு பொருத்திக் காட்டுதல் வரலாற்றாய்வாளரின் கடமையாகும்.