சித்திரக்குள்ளர்கள் நம்மூரில் இருந்தார்களா?

ஜப்பானின் ஜிப்லி ஸ்டுடியோ 2010இல் வெளியிட்ட 'அரியெட்டி' என்ற அனிமேஷன் படத்தை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். பத்து சென்டிமீட்டர் உயரமே உள்ள ஒரு பெண். அப்பா அம்மாவோடு ஒரு பழைய வீட்டின் தரைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் வாழ்கிறாள். ராத்திரியானால் அப்பாவும் மகளும் மேலே வந்து ஒரு சர்க்கரைக் கட்டியோ, ஒரு காகிதமோ எடுத்துப் போவார்கள். திருட்டு இல்லையாம், இரவல்! மேரி நார்ட்டன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1952இல் எழுதிய நாவலை வைத்து எடுத்த படம் அது.

இந்தக் கட்டுரை சினிமா விமர்சனம் இல்லை. இதே மாதிரி குள்ளர்கள் நம்மூர்க் கதைகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நிஜமான சரித்திரம் ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

முதலில் கதைகள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் பெரியவர்கள் சொல்வது இது. அந்தக் காலத்தில் மனிதர்களுக்குச் சாவே வராது. வயசாக ஆக உடம்பு சுருங்கிக்கொண்டே போகும். கடைசியில் பூனைக்குட்டி அளவுக்கு ஆனதும் விளக்கு மாடத்தில் தூக்கி வைத்துவிடுவார்களாம். அதற்கு மேலும் முடியாமல் போனால் ஒரு பெரிய பானைக்குள் உட்காரவைத்து, சோறும் தண்ணியும் விளக்கும் வைத்து, மண்ணுக்குள் இறக்கிவிடுவார்களாம். முதுமக்கள் தாழி என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்த பானைக்குச் சொல்லப்படும் கதை இதுதான்.

இரண்டாவது கதை மலைப்பக்கத்துக் கதை. நாலு பக்கமும் பலகைக் கல், மேலே ஒரு மூடுகல் என்று சின்னச் சின்னக் கல் அறைகள் பழனி மலையில் நிறைய உண்டு. அவற்றில் சிலவற்றைக் குள்ளர் குகை என்கிறார்கள், வேறு சிலவற்றைப் பாண்டவர் வீடு என்கிறார்கள். நம் உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மறையூர் போனால் அங்கேயும் இதே அறைகள்தான். பெயர் மட்டும் முனியறை. கர்நாடகாவில் ஹிரேபெனகல் என்ற இடத்தில் இவற்றைக் கட்டியவர்கள் மூன்றடி உயரமுள்ள 'மோரியர்' என்ற குள்ளர்கள் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

புராணத்திலும் குள்ளர்களுக்குப் பஞ்சமில்லை. மகாபாரதத்தில் வாலகில்லியர் என்ற கட்டைவிரல் அளவு முனிவர்கள் வருகிறார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு இலைக்காம்பைத் தூக்கிக்கொண்டு போகும்போது, மாட்டுக் குளம்பு பதிந்த பள்ளத்துத் தண்ணீரில் தடுமாறுகிறார்கள். இந்திரன் சிரிக்கிறான். அந்தக் கோபத்தில் அவர்கள் செய்த வேள்வியின் பலனாகத்தான் கருடன் பிறந்தான் என்கிறது கதை. சின்ன ஆள் என்று சிரித்தால் என்ன ஆகும் பாருங்கள் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தக் கதைகள் ஏன் வந்தன? கொஞ்சம் யோசித்தால் அதில் ஒரு தர்க்கம் தெரியும். ஆடு மேய்க்கப்போன ஒருவர் ஒரு கல் அறையைப் பார்க்கிறார். ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். வாசல் என்று பார்த்தால் பலகைக் கல்லில் வட்டமாக ஒரு துளை, தலை நுழைந்தால் அதிகம். உள்ளே சட்டி பானை. அவருக்கு அது வீடாகத்தான் தெரியும். வாசல் இவ்வளவு சின்னதென்றால் வீட்டுக்காரரும் சின்ன ஆளாகத்தானே இருக்க வேண்டும்? தாழியும் அப்படித்தான். கிழவர்களுக்கு முதுகு கூனி உயரம் குறைவதை எல்லோரும் கண்ணால் பார்க்கிறோம். மிச்சத்தைக் கற்பனை பார்த்துக்கொண்டது.

ஆனால் கட்டியவர்களுக்கு அது என்னவென்று தெளிவாகத் தெரியும். புறநானூற்றில் (256ஆம் பாட்டு) கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யச் சொல்லிக் குயவரிடம் கேட்கிறாள். செத்தவர்களை வைக்கும் பானை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பிற்காலத்தில் புதைக்கும் வழக்கம் மாறியது, கல்லறை கட்டுவது நின்றுபோனது. செய்தவர்கள் யார் என்பது மறந்தது. மறந்த இடத்தில்தான் குள்ளர்கள் குடியேறினார்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் சிலர் இவற்றை ஆராய ஆரம்பித்தார்கள். கோவை மாவட்டத்தில் அதிகாரியாக இருந்த வால்ஹவுஸ், இந்தப் பக்கத்துப் பெருங்கற்காலச் சின்னங்களைப் பற்றி 1875இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்போது திருப்பூரும் கோவை மாவட்டம்தான். பழனி மலைக் கல்லறைகளைப் பற்றி ஆங்லேட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரியார்கள் எழுதிய நூல் 1928இல் வந்தது. தோண்டிப் பார்த்த இடங்களில் கிடைத்தது நம்மைப் போலவே முழு வளர்த்தி உள்ள மனிதர்களின் எலும்புகள். பல இடங்களில் உடலை வேறு எங்கோ விட்டு, பிறகு எலும்புகளை மட்டும் பொறுக்கி வந்து வைத்திருக்கிறார்கள். அதற்குச் சின்ன அறை போதுமே!

நமக்குப் பக்கத்து உதாரணம் கொடுமணல். சென்னிமலைக்குப் பக்கத்தில், ஈரோடு மாவட்டம், நொய்யலின் வடகரை. நம் திருப்பூரைத் தாண்டி ஓடும் அதே நொய்யல்தான். 1985இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வைத் தொடங்கியது. பேராசிரியர்கள் சுப்பராயலு, ராஜன் போன்றவர்கள் இதில் முக்கியமானவர்கள். ஊரை ஒட்டி நூற்றுக்கும் அதிகமான கல்லறைகள் இருக்கின்றன. பல கல்லறைகளின் பலகைக் கல்லில் அதே வட்டத் துளை!

ஆனால் பக்கத்திலேயே அவர்கள் வாழ்ந்த இடமும் கிடைத்ததுதான் விசேஷம். இரும்பு உருக்கிய உலைகள், எஃகு செய்ததற்கான தடயம், நூல் நூற்கும் தக்களிகள், கல்மணி செய்த பட்டறைகள், தமிழ் பிராமியில் எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான பானை ஓடுகள். பெரில் என்னும் கல் காங்கேயம் பக்கத்துப் படியூரில் கிடைப்பது. சூதுபவளம் குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். பதிற்றுப்பத்தில் நல்ல அணிகலன்களுக்குப் பெயர்பெற்றதாக வரும் கொடுமணம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரை போகும் பழைய வணிகப் பாதையில் இது இருக்கிறது.

காமர்ஸ் மாணவன் கண்ணோடு பார்த்தால் இது எனக்கு மிகவும் தெரிந்த ஊர். வெளியூரிலிருந்து கச்சாப்பொருள் வாங்குவது, உள்ளூரில் கைவேலை செய்வது, வெளிச்சந்தைக்கு அனுப்புவது. நாம் பனியன் கம்பெனிகளில் செய்வதும் இதுதானே? கதையில் சித்திரக்குள்ளர்களாகச் சுருங்கியவர்கள் உண்மையில் 2000 வருஷத்துக்கு முந்தைய நொய்யல் கரைத் தொழிலாளிகளும் வியாபாரிகளும்.

உழைத்தவர்களின் பெயர் எழுதப்படாமல் போனால் அவர்கள் காலப்போக்கில் எப்படிச் சின்னவர்களாகிவிடுகிறார்கள் என்பதுதான் இதில் என்னை உறுத்துவது. கொடுமணல்காரர்களாவது பானையில் தங்கள் பெயரைக் கீறி வைத்தார்கள். நாம் தைக்கும் பனியனில் தைத்தவர் பெயர் இருப்பதில்லை.

காடு சமன் செய்யும்போதும், கல் உடைக்கும்போதும், சைட் போடும்போதும் தமிழ்நாடு முழுக்க இந்தக் கல்வட்டங்கள் காணாமல் போய்க்கொண்டிருக்கின்றன. கல் போய்விட்டால் ஆராய்ச்சிக்கு எதுவும் மிஞ்சாது. குள்ளர் கதை சொல்லவும் யாருக்கும் காரணம் இருக்காது. உங்கள் ஊர்க் காட்டில் இப்படி வட்டமாகக் கல் கிடந்தால், அதை நகர்த்தவிடாமல் ஊராட்சியிலோ தொல்லியல் துறையிலோ ஒரு வார்த்தை சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் அந்த இடத்துக்கு என்ன பெயர் என்றும் கேட்டு வையுங்கள். குள்ளர் வீடு என்று சொன்னால், அது யார் வீடு என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.